தேருக்குப் போகுமுன் கழற்றிய கால் உறை

சிதம்பரத்தில் ஆனித் தேருக்கு முதல் நாள் என் கணவருக்குக் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. வருஷம் தவறாமல் வடம் பிடிப்பவர். "இறுக்கமா இருந்தாத்தான் தாங்கும்" என்று ஒரு சைஸ் சின்னதாக எலாஸ்டிக் உறை வாங்கி, மாட்டியபடியே தூங்கினார். விடிந்ததும் கால் மரத்துவிட்டது என்றார். தொட்டேன், கால் விரல்கள் சில்லிட்டு நீலம் பாரித்திருந்தன.

"கழட்டுங்க!"

"நீ என்ன டாக்டரா? தேர் கெளம்பிடும்டி."

"நடராசர் கோச்சிக்க மாட்டாரு. கால் போனா வராது."

நானே உருவினேன். மெல்லச் சிவப்பு திரும்பியது. உடனே டாக்டரிடம் போனோம். "சரியான நேரத்துல கழட்டுனீங்கம்மா" என்றார். எட்டாவது படித்தவளுக்கு அதைவிடப் பெருமை வேண்டுமா?

அவரைக் கீழவீதியில் உட்காரவைத்து, அவருக்கும் சேர்த்து நானே வடம் பிடித்தேன். இப்போதெல்லாம் கணுக்காலை டேப்பால் அளந்துதான் உறை வாங்குகிறோம். படுக்கும்போது கழற்றிவிடச் சொல்கிறேன்.