வாளியில் ஒரு கணவாய்

வளைகுடா ஊரான ஈசா டவுனில் இருந்துகொண்டு கட்டட வரைபடம் போடுவது என் வேலை. நாள் முழுக்கக் கணினியில் சுவர்களும் குழாய்களும் படிக்கட்டுகளும்தான். லீவு நாளில் சந்தையில் வாங்கும் மீனைச் சமைக்கும் முன் வண்ணத்தில் தீட்டிவைப்பது என் ஆசை. அந்தப் படங்களை மகள் இணையத்தில் போட்டாள். அவற்றைப் பார்த்துத்தான் எகிப்துக்காரக் கடல் ஆய்வாளர் ஒருவர் என்னை அழைத்தார். வளைகுடாவில் யாரும் இன்னும் சரியாக ஆராயாத பவளத்திட்டுகளைத் தேடி ஒரு சிறு கப்பலில் கிளம்புகிறார்களாம். புகைப்படத்தில் கடல் உயிர்களின் பாதி உடம்பு நிழலுக்குள் போய்விடுகிறது, உயிரோடு இருக்கும்போதே பார்த்து வரைய ஆள் வேண்டும் என்றார். நான் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

முதல் நாள் முழுவதும் வாந்தி. கப்பலின் சமையல்காரர் இராமநாதபுரம் பக்கத்துத் தம்பி. அவர்தான் இஞ்சியும் உப்பும் தந்து என்னை எழுந்து உட்கார வைத்தார். மறுநாள் காலையில் கடலுக்குள் இறங்கியவர்கள் பெரிய கணவாய் மீன் ஒன்றைக் கொண்டுவந்து, கடல்நீர் நிரம்பிய வெள்ளை வாளியில் விட்டார்கள்.

பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். முதலில் வெளிறிப்போய் இருந்தது. அந்த நிறத்தைக் குழைத்துவிட்டுத் திரும்பினால் பழுப்பு. பழுப்பைக் குழைத்தால் உடம்பெல்லாம் புள்ளி. தாளுக்கு மேல் தாளாகக் கிழித்தேன். இதன் சொந்த நிறம்தான் எது என்று ஆய்வாளரிடம் கேட்டேன். அப்படி ஒன்று கிடையாது என்று சிரித்தவர், அடுத்த நொடியே, தான் எழுதும் புத்தகத்தில் ஏதாவது ஒரு நிறம் வேண்டுமே என்று கவலைப்பட ஆரம்பித்தார்.

தம்பி அடிக்கடி எட்டிப் பார்த்தார்.

“படம் முடிஞ்சா சொல்லுங்கக்கா. மசாலா அரைச்சு வச்சிட்டேன்.”

“கொஞ்சம் பொறுங்கோ தம்பி. இது ஒரு நிறத்திலயும் நிக்குதில்லை.”

அவர் குனிந்து பார்த்தபோது, கையில் இருந்த எவர்சில்வர் தட்டு வாளிக்கு மேலே சாய்ந்தது. கணவாய் அதில் தன் உருவத்தைக் கண்டிருக்க வேண்டும். சட்டென்று கைகளை விரித்து, முதுகு முழுக்க வரிக்குதிரை போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டுக்கொண்டு நின்றது.

“தம்பி, அசையாதேங்கோ.”

அவர் அசையவில்லை. கணவாயும் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆய்வாளர் ஓடிவந்து, வேற்று ஆண் ஒன்று வந்து நிற்கிறது என்று நினைத்து மிரட்டுகிறது என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். அடுப்பிலிருந்து சோறு தீயும் வாசனை வந்தது. தம்பியின் முகம் வாடினாலும் தட்டு மட்டும் நகரவில்லை.

கடைசிக் கோட்டைப் போட்டதும் வாளியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இம்புட்டு நேரம் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தாச்சு. இனி எப்பிடிக்கா வெட்டுறது?”

இருவருமாக வாளியைத் தூக்கிக் கடலில் கவிழ்த்தோம். அது கறுப்பு மையைப் பீச்சிவிட்டு மறைந்தது. மதியம் எல்லோரும் தீய்ந்த சோற்றை ஊறுகாயோடு சாப்பிட்டோம். ஆய்வாளர் ஒரு கையால் சாப்பிட்டபடி, மறுகையில் படத்தைப் பிடித்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

மாலையில் ஒரு நட்சத்திர மீனை வரையக் கொடுத்தார்கள். அது வைத்த இடத்தில் வைத்தபடியே கிடந்தது. பாதியில் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.