பேசிக்கொண்டே ஓட வேண்டும்

துணிக் கிடங்கின் பெண்கள் வாசலில் அவளுக்குச் செக்கிங் அக்கா என்று பெயர். மாலையில் வேலை முடிந்து வரிசையில் வருகிற பெண்களின் பைகளைத் திறந்து பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள், மடக்கிய குடையை விரிப்பாள், தைலப் புட்டியைக்கூட மூடி கழற்றி முகர்ந்து பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதைச் சம்பளம் இல்லாமலே செய்யக்கூடியவள். காய்கறிக்காரர் ஒரு தக்காளியைக் கூடுதலாகப் போட்டால் அதில் அழுகல் எந்தப் பக்கம் என்று தேடுவாள். புருஷன் காரணமில்லாமல் சிரித்தால், "இப்ப என்ன செலவு வெச்சீங்க?" என்று கேட்பாள்.

ஓட்டம் அவளிடம் வந்து சேர்ந்ததும் சந்தேகத்தின் வழியாகத்தான். ஒருநாள் வாசலுக்கு எதிரே ஒருவன் செருப்பைச் சரிசெய்வதுபோல் ரொம்ப நேரம் குனிந்துகொண்டிருந்தான். இவள் அவன்மேலேயே ஒரு கண் வைத்திருந்தாள். நினைத்தது வீண்போகவில்லை. வெளியே வந்த ஒரு பெண்ணின் போனைப் பறித்துக்கொண்டு அவன் பிடித்தான் ஓட்டம், பின்னாலேயே இவளும். சந்தைத் தெரு, லாரி நிறுத்தம், பள்ளிக்கூடச் சுவர் எல்லாம் தாண்டிக் கடைசியில் ஒரு சைக்கிள் கடை முன்னால் அவன் உட்கார்ந்துவிட்டான். "இந்தாங்கக்கா, நீங்களே வெச்சுக்குங்க. என்னை விட்டுடுங்க, மூச்சு முட்டுது," என்று போனை நீட்டினான். அவனுக்கு நாக்குத் தள்ளியிருந்தது. இவளுக்கோ இன்னும் கொஞ்ச தூரம் துரத்தலாம்போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தில்கூட வந்ததில்லை.

மறுநாள் காலையிலிருந்து யாரையும் துரத்தாமலே ஓட ஆரம்பித்தாள். பூங்காவைச் சுற்றியது ஊரைச் சுற்றியதாகி, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தானும் முடிந்து, இப்போது அறுபது கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். ஏரிக்கரையில் தொடங்கிக் குன்றுகளுக்கு நடுவே போகும் மண்பாதை. விடிகாலையில் கிளம்பினால் மாலை நான்கு மணிக்குள் முடிவுக் கோட்டைத் தொட வேண்டும். நேரம் தாண்டினால் ஓடியதற்குக் கணக்கே கிடையாது. பாதித் தூரத்துக்குப் பிறகு, வேகத்தைக் கவனித்துக்கொள்ள ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், பேஸர் என்பார்கள்.

"நான் வர்றேன் அண்ணி," என்று நாத்தனார் தானாகவே முன்வந்தாள். அங்கேதான் வினை.

நாத்தனாருக்கு மெத்தைக் கடையில் விற்பனை வேலை. வாடிக்கையாளரைப் படுக்கவைத்துப் பார்த்தே விற்றுவிடுகிற வாய். அவள் இரண்டு வருடம் முன்பு இதே அறுபதை ஓடி முடித்தவள். பதக்கத்தோடு நிற்கிற அந்தப் படம் மாமியார் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு படம் வந்தால் அவளுக்கு ஆகுமா? பிறகு எதற்கு வலிய வந்து உதவுகிறாள்? "படுக்கிற சாமானை விக்கிறவ எனக்கு ஓடச் சொல்லித் தர்றாளாம். இதுல ஏதோ உள்குத்து இருக்கு," என்றாள் புருஷனிடம். அவனுக்கு அது தங்கை, இது பெண்டாட்டி. காது கேட்காதவன்போல விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சந்தேகத்துக்கு ஒரு பழைய வேரும் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாரின் மோதிரம் காணாமல் போனது. வீட்டில் அத்தனை பேர் இருக்க, இவள் பெட்டியை மட்டும் கூடத்தின் நடுவில் கவிழ்த்துத் தேடினார்கள். உள்ளாடைவரை உதறினார்கள். நாலு நாள் கழித்து மோதிரம் மாவு டப்பாவுக்குள் கிடைத்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் இவள் எதைச் சொன்னாலும் மாமியார் இன்னொருவரிடம் கேட்டுத்தான் நம்புவாள். புதுப்பெண்ணின் பெட்டியைப் பார்க்கச் சொன்னது யார் என்பது மட்டும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக இவள் சும்மா இருப்பாளா? நாத்தனார்தான் என்று பதினெட்டு வருடமாக முடிவுகட்டி வைத்திருந்தாள்.

இந்த ஓட்டத்தையாவது யாரும் கேள்வி கேட்க முடியாதபடி முடித்துக் காட்ட வேண்டும். வேறு ஆசை அவளுக்கு இல்லை.

மூன்று மாதம் பயிற்சி. ஞாயிறுதோறும் நாத்தனார் வந்து நிற்பாள். அவள் சொன்ன விதி ஒன்றே ஒன்று: "பேசிக்கிட்டே ஓடணும் அண்ணி. ஒரு வாக்கியம் முழுசா வந்தா வேகம் சரி. நடுவுல மூச்சு வாங்குச்சுன்னா வேகம் ஜாஸ்தி. அறுபதுக்கு அதுதான் அளவு."

பேச வேண்டுமாம்! இவளுக்கு உடனே மூக்கில் வியர்த்தது. வாயைப் பிடுங்கி, வீட்டுச் சங்கதியெல்லாம் கறந்துகொண்டுபோய் அம்மாவிடம் கொட்டத்தானே இந்த ஏற்பாடு? "அண்ணன் எப்படி இருக்கான்?" என்று நாத்தனார் கேட்டால் இவள், "ம்." "மேட்டுல நடந்துடலாம், என்ன?" என்றால், "ம்." மூன்று மாதமும் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டே ஓடினாள். 'ம்' என்பதை எந்த வேகத்திலும் சொல்லிவிடலாம் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

ஓட்ட நாள் வந்தது. முதல் பாதி முழுக்க மெதுவாகப் போகச் சொல்லியிருந்தாள் நாத்தனார். என்னைப் பிந்தவைக்கப் பார்க்கிறாள் என்று இவள் அதற்கு நேர்மாறாகச் செய்தாள். ஏரிக்கரையில் ஒவ்வொருவராக முந்தினாள். மேட்டில் எல்லோரும் நடக்க, இவள் மட்டும் ஓடினாள். தண்ணீர்ப் பந்தலில் உப்பு போட்ட உருளைக்கிழங்கை நீட்டியவனிடம், "எப்ப வேக வெச்சது?" என்று கேட்டுவிட்டு வாங்காமலே போனாள்.

பாதித் தூரத்தில் நாத்தனார் ஷூ நாடாவைக்கூட இன்னும் கட்டியிருக்கவில்லை. "என்ன அண்ணி, அதுக்குள்ளே வந்துட்டீங்க?" என்றவள் முகத்தில் ஈயாடவில்லை. வயிற்றெரிச்சல் என்று நினைத்து இவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு அடுத்த குன்றுவரைகூடத் தாங்கவில்லை. தொடை இரண்டும் கட்டையாகின. தலை சுற்றியது. காலையில் இவள் முந்திய ஆட்கள் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக இவளைத் தாண்டிப் போனார்கள். ஒரு வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"எதையாவது பேசுங்க அண்ணி."

"ம்."

நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த 'ம்'மைத் தூக்கிக் குப்பையில போடுங்க! மூணு மாசமா அதைச் சொல்லியே என்னை ஏமாத்திட்டீங்க. உங்களுக்கு எவ்வளவு மூச்சு வாங்குதுன்னே எனக்குத் தெரியாது. இப்படியே போனா நாலு மணிக்குள்ள முடியாது. இந்தாங்க, இந்த வாழைப்பழத்தைத் தின்னுட்டு வாயைத் திறந்து பேசுங்க."

பழத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தின்றாள். பிறகு வாயைத் திறந்தாள். திறந்ததும் வந்தது மோதிரம்.

"என் பெட்டியைப் பார்க்கச் சொன்னது நீதானே?"

நாத்தனார் திடுக்கிட்டாள். ஆனால் கால் நிற்கவில்லை. "நடந்துக்கிட்டே கேளுங்க."

"ஊரு முன்னாடி என் உள்ளாடையை உதறினாங்களே, அப்ப நீ கதவோரமா நின்னுக்கிட்டு... நகம்... கடிச்சியே..."

"மூச்சு அறுந்துடுச்சு பாருங்க. கொஞ்சம் மெதுவா வந்து, முழுசா திட்டுங்க."

இவள் வேகத்தைக் குறைத்து, முழுசாகத் திட்டினாள். மாமியார் வீட்டுப் படம், வலிய வந்த உதவி, தன் பிரசவத்துக்கு வராதது, பிறகு ஒருநாள் வந்தபோது குழந்தைக்குக் கொண்டுவந்த பழைய சட்டை, எதையும் விடவில்லை. வாக்கியம் நடுவில் உடைந்தால் நாத்தனார் வேகத்தைக் குறைத்தாள். தங்குதடையில்லாமல் வசவு வந்தால் கொஞ்சம் கூட்டினாள். எதிரே கொடி பிடித்து நின்றவர், சண்டையா பயிற்சியா என்று விளங்காமல் வழி காட்டினார். இரண்டு குன்றுகள் அப்படியே கழிந்தன. அன்று முழுக்க அவள் ஓடியதிலேயே ஒழுங்கான ஓட்டம் அதுதான்.

திட்டு தீர்ந்த இடத்தில் மறுபடி கேட்டாள். "சொல்லு. நீதானே?"

"ஆமா அண்ணி. நான்தான்."

இவள் நின்றுவிட்டாள். பதினெட்டு வருடமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவள் வாயால் கேட்பது வேறாக இருந்தது. சந்தேகம் சரியாகப்போனால் இப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"அம்மா எல்லாரையும் சத்தம் போட்டாங்க. எனக்குப் பயம். நீங்க புதுசு, அதனால உங்களைக் கைகாட்டிட்டேன். மோதிரம் கிடைச்சதும் உங்க முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு. அப்புறம் நாள் போகப்போகச் சொல்லவே முடியலை." நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். "என்னை அப்புறமா என்ன வேணும்னாலும் பண்ணுங்க. இப்ப நின்னீங்கன்னா இதையும் நானே கெடுத்ததா ஆயிடும். இனிமே பேச வேண்டாம். அந்த வளைவு தாண்டினா கோடு வரைக்கும் இறக்கம்தான். இருக்கிறதையெல்லாம் போட்டு ஓடுங்க."

இறக்கமா? வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று இங்கிருந்து தெரியவில்லை. மேடாக இருந்தால் இத்தோடு கதை முடிந்தது. இதே வாய்தான் அன்றைக்குப் பொய் சொன்னது. ஆனால் சற்றுமுன் ஒரு உண்மையையும் சொன்னது, அதுவும் தனக்கே பாதகமான உண்மையை. அவள் நம்பினாள் என்று சொல்ல மாட்டேன். யோசிக்க நேரமில்லாமல் ஓடினாள்.

இறக்கம்தான்.

கோட்டைத் தொட்டபோது நான்கு அடிக்க இரண்டு நிமிடம் பாக்கி. யாரோ பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். புல்லில் விழுந்து கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த நாத்தனாரின் போன் அடித்தது. மாமியார். நாத்தனார் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"முடிச்சாளா?"

"முடிச்சுட்டாங்கம்மா."

"நிஜமாவா? நடுவுல ஏதாவது வண்டியில ஏறி வந்திருக்கப் போறா. நல்லா விசாரிச்சியா?"

இவள் கண்ணை மூடிக்கொண்டாள். அறுபது கிலோமீட்டர் ஓடியும் அந்தக் கூடத்து நடுவிலேயே நிற்பதுபோல இருந்தது. எழுந்து போய்விடலாமென்றால் கால் வரவில்லை.

"அம்மா, பாதித் தூரம் நான் பக்கத்துலயே ஓடி வந்தேன். மீதிக்கு ஒவ்வொரு இடத்துலயும் அவங்க நம்பரை எழுதியிருக்காங்க. எல்லாம் அண்ணி சொந்தக் கால்ல ஓடினது," என்றாள் நாத்தனார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கு உங்க மோதிரம் காணாமப் போனப்ப, அண்ணி பெட்டியைப் பாருங்கன்னு நான் சும்மா அடிச்சு விட்டேம்மா. அவங்க எதுவுமே பண்ணலை. வாயைத் திறக்காம இருந்தது நான்."

அந்தப் பக்கம் ஏதோ முனகல் கேட்டது. நாத்தனார் போனை அணைக்கப் போனாள்.

செக்கிங் அக்கா கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். முகமெல்லாம் கண்ணீரும் மண்ணுமாக இருந்தது.

"வெச்சுடாதே. உங்கம்மா லைன்லயே இருக்கட்டும். இன்னொரு தடவை சொல்லு."