மழை பெய்தால் சூடாகும் கம்ப்யூட்டர்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மறுபடியும் பொட்டென்று அணைந்தது.

கரண்டு இருந்தது. யு.பி.எஸ். பச்சை விளக்கோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் கறுப்புத் திரை. அதன் முன்னால் என் மனைவி விஜி, மௌஸிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

விஜியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நீண்ட உத்தியோகம். ஓய்வு பெற்ற கையோடு, இனி கார்ட்டூன் படம் எடுக்கப் போகிறேன் என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இன்டர்நெட்டில் வீடியோ பார்த்துப் பார்த்து, இலவசமாகக் கிடைக்கும் ஒரு அனிமேஷன் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டாள். முதலில் ஒரு இட்லி உருண்டது. பிறகு ஒரு காக்கை... நடக்கச் சொன்னால் நொண்டியது. ஒரு வருஷம் போனபிறகு ஒரு குடை, அசல் மனுஷன் மாதிரியே நடந்தது.

அந்தக் குடைதான் அவளுடைய முதல் படத்தின் கதாநாயகன். எங்கள் ஊரின் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன குடை, கொட்டும் மழையில் தன் சொந்தக்காரரின் வீட்டைத் தேடிக்கொண்டு போகிறது. இரண்டு நிமிடப் படம். ஊரில் நடக்கும் ஒரு குழந்தைகள் பட விழாவில் ‘முதல் படம்’ என்று ஒரு பிரிவு. வயது வரம்பு கிடையாது. ஞாயிறு மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

வேலை எல்லாம் முடிந்தது. பாக்கி இருந்தது ரெண்டரிங். அதாவது விஜி அமைத்துவைத்த பொம்மைகளையும் வெளிச்சத்தையும் கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாக வரைந்து தள்ள வேண்டும். வெறும் சுவர், வெறும் ரோடு என்றால் சுலபம். மழையில்தான் சிக்கல். ஒவ்வொரு துளியையும் அது வரைய வேண்டுமே? மழை தொடங்கும். கம்ப்யூட்டர் அணையும்.

வைரஸாக இருக்கும் என்றேன் நான். கம்ப்யூட்டருக்குத் தலைவலி வந்தாலும் வைரஸ் என்று சொல்லும் தலைமுறை என்னுடையது.

விஜி மறுபடி ஆன் செய்தாள். ப்ராசஸரின் சூட்டைக் காட்டும் சின்ன சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கினாள். சும்மா இருக்கும்போது நாற்பது, நாற்பத்தைந்து டிகிரி காட்டினால் நல்லது. எங்களுடையது சும்மா இருக்கும்போதே அறுபதைத் தாண்டி நின்றது. ரெண்டரிங்கைத் தொடங்கினாள். எழுபத்தைந்து... எண்பத்திரண்டு... தொண்ணூற்றொன்று. எண் சிவப்பாக மாறியது. நூறைத் தொட்டது. பொட்.

“ஏன்னா, இது வைரஸ் இல்லெ. ஜுரம்” என்றாள் விஜி.

வெந்து போவதற்குள் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறதாம் ப்ராசஸர். நல்ல புத்திதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியுமா?

கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்கள். நாளைக்கு? நாளைக்கு ஹர்த்தால். எதற்காக என்று கேட்காதீர்கள். கடை திறக்காது என்பதுதான் இந்த ஊரில் முதலில் தெரியும். காரணம் பிறகு மெல்ல வந்து சேரும்.

சனிக்கிழமை காலை, மேஜைக்கு அடியில் மரத்தடுப்புக்குள் அடைந்து கிடந்த பெட்டியை வெளியே இழுத்தோம். பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம். ப்ராசஸரின் தலைமேல் ஓர் அலுமினிய அடுக்கு, அதன்மேல் ஒரு சின்ன ஃபேன். இரண்டுக்கும் நடுவே தூசி. தூசி என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் அது கம்பளி. காற்று எந்த வழியாகப் போகும்?

பெயின்ட் பிரஷ்ஷால் விஜி தட்டினாள். சைக்கிள் பம்ப்பால் நான் ஊதினேன். ஊதும்போது ஃபேன் இறக்கை வேகமாகச் சுற்றினால் கெட்டுப்போகும், விரலால் பிடித்துக்கொள்ளுங்கோ என்றாள். ஒரு கையால் பம்ப், ஒரு கையால் ஃபேன், நடுவில் தும்மல்... சர்க்கஸ்தான்.

சூடு குறைந்தது. சும்மா இருக்கையில் ஐம்பது. எங்களுக்கு ஒரே உற்சாகம். ரெண்டரிங்கைத் தொடங்கினோம். மழை வந்தது. குடை பஸ் ஸ்டாண்டை விட்டு இறங்கி, ரோட்டில் நாலு அடி வைத்தது. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றெட்டு...

மறுபடி கறுப்புத் திரை.

விஜி எழுந்துவிட்டாள். “போறும்னா. அந்தக் குடை பஸ் ஸ்டாண்ட்லயே இருக்கட்டும்.”

சமையலறைக்குப் போய் பயற்றங்காய் நறுக்க உட்கார்ந்தாள். கோபம் இருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் அவள் யாரிடமும் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொந்தத் தங்கையிடம்கூட. நடக்காவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதானே?

போனில் தேடிப் பார்த்தேன். இனி செய்யக்கூடியது ஒன்றுதான். ப்ராசஸருக்கும் அந்த அலுமினிய அடுக்குக்கும் இடையே ஒரு பசை உண்டு. தெர்மல் பேஸ்ட். கீழே உள்ள சூட்டை மேலே கடத்துவது அதன் வேலை. நாளாக ஆக அது காய்ந்துபோகும். புதிதாகத் தடவ வேண்டும். ஹர்த்தால் அன்று அதற்கு எங்கே போவது?

இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பக்கத்து வீடு.

வலியசாலையில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் பிரசாந்த். ஐ.டி. கம்பெனியில் வேலை; லீவு நாளில் கம்ப்யூட்டர் கேம். அதுவும் வாய் மூடாத கேம். விஜி விளக்கேற்றும் நேரத்துக்குச் சரியாக, “கொல்லெடா, விடாதெ” என்று சுவர் வழியாகக் கேட்கும். சில மாதம் முன்பு அவள் நேரே போய் நன்றாகக் கொடுத்துவிட்டு வந்தாள். அதன்பிறகு சத்தம் அடங்கியது. பார்த்தால் ‘மாமி’ என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. இப்போது அவனிடம் போய் உதவி கேட்பதா?

விஷயத்தை விஜியிடம் மெல்லச் சொன்னேன். பயற்றங்காய் நறுக்குவது நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பைப் போட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

கதவைத் திறந்த பிரசாந்துக்கு முகம் விழுந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே, சவுண்டு ரொம்பக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன் மாமி என்று தொடங்கினான்.

“அதுக்கு வரல்லெடா. என் கம்ப்யூட்டர் நூறு டிகிரி போறது. உன்கிட்ட தெர்மல் பேஸ்ட் உண்டோ?”

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். இந்தத் தெருவில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருந்தவன் போல ஒரு முகம்.

“எந்து ப்ராசஸர், மாமி?” என்று மலையாளத்துக்குத் தாவினான்.

விஜி மாடல், தலைமுறை எல்லாம் தடுமாறாமல் சொன்னாள். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் ஒரு ட்யூப், ஸ்க்ரூ டிரைவர், பஞ்சு, ஸ்பிரிட் பாட்டில் சகிதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தான். பேச்சும் மாமி, மாமி என்று பழைய வழிக்கு வந்துவிட்டது.

அலுமினிய அடுக்கைக் கழற்றினார்கள். பழைய பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து விஜியே துடைத்தாள். புதுப் பசையை எவ்வளவு வைக்க வேண்டும்? அதிகமானாலும் தப்பு. கடுகுக்கு மேல், பட்டாணிக்குக் கீழ் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். ஸ்க்ரூவை ஒரே மூலையில் இறுக்காமல் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். எனக்கு டார்ச் பிடிக்கும் உத்தியோகம்.

பிறகு பிரசாந்த் இன்னொரு காரியம் செய்தான். பவர் செட்டிங்கில் ப்ராசஸரின் உச்ச அளவு நூறு சதவீதம் என்று இருந்ததைத் தொண்ணூற்றொன்பது ஆக்கினான். வேலை அதிகமானால் ப்ராசஸர் தன் வழக்கமான வேகத்தையும் மீறி ஓடுமாம். சூட்டுக்கு அதுவும் ஒரு காரணம். ஒரு சதவீதம் குறைத்தால் அந்த ஓட்டம் நிற்கும். படம் முடிய நேரம் கூடும், ஆனால் முடியும்.

ஆன் செய்தோம். சும்மா இருக்கையில் நாற்பத்திரண்டு. மழை தொடங்கியது. அறுபது... அறுபத்தெட்டு... எழுபத்திரண்டு. கடைசி ஓவர் பார்ப்பது போல மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுபத்து நாலு. எழுபத்து நாலு. மறுபடியும் எழுபத்து நாலு.

நின்றுவிட்டது. குடை ரோட்டைக் கடந்தது.

அப்போதுதான் பிரசாந்த் எண்ணை விட்டுப் படத்தைப் பார்த்தான். ஒரு ஆட்டோ தெறித்த தண்ணீரை, குடை ஒரு குலுக்குக் குலுக்கி உதறிவிட்டு மேலே நடக்கிறது. இதை யார் செய்தது என்று கேட்டான். நான் விஜியைக் காட்டினேன்.

“மாமியா?” என்றான். முதல் காட்சியிலிருந்து போட்டுக் காட்டச் சொல்லி, தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். விஜியின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் காப்பி போடப் போனேன். யாராவது போட வேண்டுமே?

ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டரிங் முடிந்தது. பொழுது சாய்வதற்குள் படம் போய்ச் சேர்ந்தது.

இத்தனை நடந்தபிறகு ஒன்று சொல்லலாம் அல்லவா? உங்கள் வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். வேலை செய்யும்போது எண்பதுக்குள் நின்றால் நிம்மதி. தொண்ணூறைத் தாண்டினால், புதிதாக வாங்க ஓடுவதற்கு முன் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிப் பாருங்கள்.

போன சனிக்கிழமை பட விழா. பரிசு வேறு யாருக்கோ. ஆனால் படம் திரையிடப்பட்டது. அரங்கு நிறையக் குழந்தைகள். குடை தண்ணீரை உதறியபோது ஒரே சிரிப்பு. கடைசியில் குடை வீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறது. சொந்தக்காரரோ புதுக் குடையை விரித்துக்கொண்டு வெளியே வருகிறார். அரங்கில் ‘அய்யோ’ என்று ஒரு நீண்ட பெருமூச்சு. விஜி என் கையை இறுகப் பிடித்தாள். பின் வரிசையில் பிரசாந்த் விசிலடித்தான். விஜியின் தங்கையும் கூட விசிலடித்தாள் என்றால் நம்புவீர்களா?

வெளியே வரும்போது ஒரு சின்னப் பெண் விஜியை வழிமறித்தாள். இனி அந்தக் குடைக்கு யார் இருக்கிறார்கள் என்று மலையாளத்தில் கேட்டாள். முகத்தில் உண்மையான கவலை.

விஜி குனிந்து, அவள் பாஷையிலேயே பதில் சொன்னாள். மழை இன்னும் முடியவில்லையே மோளே, வேறு யாராவது வருவார்கள் என்று.

அந்தப் பெண் யோசித்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினாள்.

அடுத்த படம் கடலைப் பற்றியதாம். அலை, நுரை, புயல் எல்லாம் உண்டாம்... நான் இப்போதே பெரிய ஃபேனாகத் தேட ஆரம்பித்துவிட்டேன்.