வெறும் தண்ணீரில் எரிந்த பச்சை

ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிற அவளுக்கு உடும்பு என்று பெயர். பிடித்தால் விடமாட்டாள். பெயர் வைத்தது நான்தான், அவள் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பாள்.

நான் அங்கே கண்ணாடிக் குப்பிகள் கழுவுகிறவன். இருபத்திரண்டு வருஷம். நான் கழுவிய குப்பியில் அழுக்கைக் காட்டினால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று துறைத்தலைவரிடமே சவால் விட்டவன். வாய் கொஞ்சம் நீளம்தான்.

அவளுடைய அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. அப்படிப்பட்டவர்கள் ரத்தத்தில் பாஸ்பேட் ஏறிக்கொண்டே போகும். உடம்பெல்லாம் அரிக்கும், எலும்பு தேயும். அளவு தெரிய ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். வீட்டிலேயே ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துகொள்ள வழி செய்தே தீருவேன் என்று இவளுக்கு ஒரு வெறி. பாஸ்பேட்டை மட்டும் கவ்விப் பிடித்து, பிடித்ததும் பச்சையாக ஒளிரும் மூலக்கூறு ஒன்றைச் செய்ய ஐந்து வருஷமாகப் போராடினாள். சிக்கல் என்னவென்றால், தண்ணீர் பாஸ்பேட்டைச் சூழ்ந்துகொண்டு லேசில் விடாது. அதனிடமிருந்து பிடுங்க வேண்டும். நாற்பது மூலக்கூறுகள் செய்தாள். நாற்பதும் தண்ணீரில் பல்லிளித்தன.

நாற்பத்தொன்றாவது ஒளிர்ந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒளிர்ந்தது! உப்புக்கு எரிந்தது, சமையல் சோடாவுக்கு எரிந்தது, எதுவுமே கலக்காத தண்ணீருக்கும் எரிந்தது. வியாழக்கிழமை காலை துறைத்தலைவர் வந்து பார்த்தார்.

"வெறும் தண்ணிக்கே எரியுதேம்மா. இனிமே என்ன இருக்கு? நாளைக்கு மீட்டிங்ல இந்த ஆராய்ச்சிய மூடிடலாம்."

மத்தியானம் அவள் என் கழுவும் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, இந்த வாரம் குப்பியெல்லாம் எதுல கழுவினீங்க?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என் கை மேலயே சந்தேகமா?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இப்பதான் புதுப் பெட்டியப் பிரிச்சு, கழுவாத குப்பி ஒண்ணுல அதே கலவைய ஊத்திப் பாத்தேன். அது மட்டும் எரியல."

ஆய்வகத்துக்கென்று வரும் சோப்பு திங்கட்கிழமை தீர்ந்துபோயிருந்தது. வேலை நிற்கக்கூடாதே என்று தெருமுனைக் கடையில் வாசனைத் தூள் வாங்கி வந்து, இந்த வாரம் முழுக்க அதில்தான் கழுவியிருந்தேன். யாரையும் கேட்கவில்லை. பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். திருப்பிப் படித்தாள். பின்பக்கம் பொடி எழுத்தில் பாஸ்பேட் என்று இருந்தது.

"கெடுத்துட்டேனேம்மா. அஞ்சு வருஷ உழைப்பாச்சே."

"எத்தனை தடவை அலசினீங்க?"

"எப்பவும் போல ஆறு."

அவள் அந்தப் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்தாள். "ஆறு தடவை அலசியும் ஒட்டிக்கிட்டிருந்த பாஸ்பேட்ட என் மூலக்கூறு பிடிச்சிருக்குண்ணே! இதப் போயி நான் உதவாததுன்னு நினைச்சேனே!"

அன்று சாயங்காலம்வரை குப்பிகளை அமிலத்தில் ஊறவைத்து, கை மரத்துப்போகும்வரை அலசினேன். வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் முன்னால், மூலக்கூறு கலந்த குப்பிகளை வரிசையாக வைத்தாள். உப்பு, இருட்டு. சோடா, இருட்டு. வெறும் தண்ணீர், இருட்டு. கடைசிக் குப்பியில் பாஸ்பேட் கரைசல் ஒரு சொட்டு விட்டாள். குப்பி முழுக்கப் பச்சை! அவர் நம்பவில்லை. என் வாசனைத் தூளை ஒரு சிட்டிகை எடுத்து ஒரு வாளி நல்ல தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு துளியை இருட்டாக இருந்த குப்பியில் விட்டார். அதுவும் பளிச்சென்று எரிந்தது.

"மூட வேண்டாம்" என்றார். "ரத்தத்துல எப்ப ஆரம்பிக்கிற?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க குப்பில அழுக்கு இருந்திருக்கே. சவால் என்னாச்சு?"

"மனுஷங்க யாரும் கண்டுபிடிக்கலையே சார்."

அறையே சிரித்தது. அவள் மட்டும் ஜன்னலோரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"பிடிச்சிடுச்சுக்கா. தண்ணியிலயே பிடிச்சிடுச்சு."

அக்கா என்ன கேட்டாளோ, இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள்:

"விடாதுக்கா. நான் செஞ்சதாச்சே."