இரண்டு சக்கரத்துக்கும் ஒரே டயரா?

கல்குவாரிப் பக்கம் சைக்கிளில் போய்வரும் நர்ஸுக்கு அலுவலகத்தில் ‘பஞ்சர்’ என்று பட்டப்பெயர். வாரம் தவறாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பாதி வழி வழவழவென்று தார் ரோடு. மீதி வழி லாரிகள் சிந்திய ஜல்லி. அவளுடைய ஒல்லி டயர் தாரில் பறக்கும். ஜல்லியைக் கண்டால் பொசுக்கென்று காற்றை விட்டுவிடும்.

அங்கே அவள் தினமும் போய்ப் பார்க்கும் நோயாளிகள் மூன்று வீடுகளில். கடைசி வீட்டில் ஒரு பழைய லாரி டிரைவர், படுத்த படுக்கை. சர்க்கரை வேறு. அவள் வந்து ஊசி போட்ட பிறகுதான் அவருக்குக் காலைச் சாப்பாடு. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த படுக்கைப்புண் இரண்டு மாதமாகத்தான் மெல்லச் சுருங்கி வந்தது. கழுவிக் கட்டினால் மட்டும் போதாது, ஆளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதில் சோம்பல்பட்டால் புண் திரும்ப வாய் பிளக்கும்.

திங்கட்கிழமை மேற்பார்வை மேடம் கூப்பிட்டார்.

“அடிக்கடி லேட்டு. அடுத்த வாரத்துலேருந்து குவாரிப் பக்கம் பைக்ல போற நர்ஸ் தம்பிக்கு. அவர் சீக்கிரமா முடிச்சிட்டு வந்துடுவார்.”

“அதான் மேடம் பயமா இருக்கு. ஊசிய சீக்கிரமாப் போடலாம், புண்ண சீக்கிரமா ஆத்த முடியுமா? இந்த ஒரு வாரம் குடுங்க.”

“வெள்ளிக்கிழமை நானே வந்து பாப்பேன்.”

அன்று மாலையே நாத்தனாரின் சைக்கிள் கடைக்குப் போனாள்.

“ஏன் அண்ணி, நூல் மாதிரி டயர வச்சுக்கிட்டு ஜல்லில போனா பஞ்சராகாம பரிசா கிடைக்கும்?”

“சரிடி, இருக்கறதுலயே தடியா, பல்லு பல்லா ரெண்டு போடு. காத்து கல்லாட்டம் இருக்கணும்.”

“நான் சொல்ல வர்றது என்னன்னா...”

“முதல்ல போடு தாயே!”

போட்டாள். மறுநாள் தார் ரோட்டில் டயர் உறுமியது. யாரோ பின்னால் உட்கார்ந்து இழுப்பதுபோல மிதிக்க மிதிக்க வண்டி நகரவில்லை. ஜல்லியில் பஞ்சர் ஆகவில்லை, உண்மைதான். ஆனால் கல்லுக்குக் கல் எகிறிக் குதித்தது. இறங்கித் தள்ளினாள். என்றைக்கும் இல்லாத தாமதம்.

“வயிறு கத்திக் கத்தி ஓஞ்சே போச்சும்மா” என்றார் டிரைவர்.

ஊசி போட்டு, சாப்பிட வைத்து, அவரைப் புரட்டினாள். வழக்கம்போல் காற்று மெத்தைக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தாள். காற்று குறைந்தால் இடுப்பெலும்பு கட்டிலில் இடிக்கும். அதிகமானால் மெத்தை முரசாகிவிடும். பாரம் முழுக்க ஒரே இடத்தில் இறங்கும். நுழைத்த கை அப்படியே நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னம்மா, என் முதுகப் பாத்தா சிரிப்பா வருது?”

“உங்க முதுகு இல்லய்யா, என் டயரு. மெத்தைக்கு இவ்வளவு பாக்கறவ, டயர முரசாக்கி வச்சிருக்கேன்.”

“எந்த டயரு போட்ட?”

அவள் சொன்னாள்.

“சரக்கு பின்னாடி, திருப்பறது முன்னாடி. ரெண்டுக்கும் ஒரே டயரா? எங்க லாரி ஓனர் கேட்டிருந்தா உன்ன இறக்கி விட்டிருப்பாரு!”

அன்று மாலை கடையில் நாத்தனார் இடுப்பில் கை வைத்து நின்றாள். “இதத்தான் அண்ணி நேத்தே சொல்ல வந்தேன். நீங்க என்னைப் பேச விட்டாத்தானே?”

முன்சக்கரத்துப் பல் டயர் அப்படியே இருந்தது. ஜல்லியில் அது வழுக்காமல் திரும்பும். பின்னால் அதே அகலத்தில், நடுவில் வழவழப்பாகவும் ஓரங்களில் மட்டும் பல்லாகவும் இருந்த ஒன்றை மாட்டினாள். தாரில் அது இழுக்காது. கம்பியில் ஒரு சின்ன பம்பும் கட்டிக்கொடுத்தாள். தாருக்குக் காற்று விறைப்பாக. குவாரித் திருப்பத்தில் இறங்கி, கட்டைவிரலால் அழுத்தினால் டயர் கொஞ்சம் அமுங்கும்வரை காற்றை வெளியே விட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பைக் தம்பியின் பின்னால் உட்கார்ந்து மேடம் வந்து இறங்கியபோது, நர்ஸ் மூன்று வீட்டையும் முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் சாப்பிட்டு ஏப்பமும் விட்டிருந்தார். மேடம் கட்டைப் பிரிக்கச் சொல்லிப் புண்ணைப் பார்த்தார்.

“நான் முன்ன பாத்தப்ப உள்ளங்கை அகலம் இருந்ததே. இப்ப அதுல பாதிகூட இல்லையே!”

“அதுக்குத்தான் மேடம் ஒரு வாரம் கேட்டேன்.”

“குவாரிப் பக்கம் உங்களுக்கேதான். இனி பேச்சே இல்ல.”

“இனிமே இவள எவனாவது பஞ்சர்னு கூப்பிடட்டும்” என்றார் டிரைவர் கவிழ்ந்தபடியே. “எந்திரிச்சே வந்துடுவேன்!”

திரும்பும் வழியில் தார் ரோடு தொடங்கும் இடத்தில் நர்ஸ் இறங்கி, பம்பை எடுத்து, இரண்டு சக்கரத்துக்கும் விறைப்பாகக் காற்று ஏற்றினாள். பைக் தம்பி வேகத்தைக் குறைத்தான்.

“அக்கா, டவுன்வரைக்கும் கயிறு கட்டி இழுக்கவா?”

“நீ முன்னாடி போப்பா. பின்னாலயே வர்றேன்.”

இறக்கத்தில் மணியை அடித்துக்கொண்டே அவனைத் தாண்டிப் போனாள்.