லோயிஸ் பேக்கரியின் முதல் ரொட்டி

குக்கர் மூடியைக் கேசியா மறுபடியும் திறந்தாள். திறக்கக் கூடாது என்று அவளுக்கே தெரியும். அடியில் மணல் பரப்பி, விசிலையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்ட பழைய குக்கர் அது. உள்ளே அலுமினிய டப்பாவில் அரிசி மாவு ரொட்டி அப்போதுதான் தலை தூக்கிக்கொண்டிருந்தது. வெளிக்காற்று பட்டதும் நடுவில் பொதுக்கென்று குழிந்து போயிற்று.

“போச்சா?” என்றாள் பாயில் குப்புறப் படுத்துப் பாடம் படித்துக்கொண்டிருந்த லோயிஸ். “நீ எட்டிப் பாக்காம இருந்தாத்தாம்மா அது எழும்பும். ரொட்டிக்கும் வெக்கம் இருக்காதா?”

“வாயாடி! நைனா வரட்டும், சொல்றேன்.”

“எதச் சொல்லப் போற? என் வாயப் பத்தியா, வயித்தப் பத்தியா?”

கேசியாவின் கை மூடியோடு அந்தரத்தில் நின்றது. லோயிஸுக்குப் பதினொரு வயது. வெள்ளிக்கிழமை அவள் கணவன் இன்பசேகரன் குவைத்திலிருந்து வந்துவிடுவான். விடுமுறைக்கு அல்ல, ஒரேயடியாக. மகளுக்கு என்ன நோய் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அவன் குவைத்துக்குப் போனபோது லோயிஸ் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். சித்தூரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். குவைத்தில் ஒரு பேக்கரியில் அவனுக்கு மாவு பிசையும் வேலை கிடைத்தது. பிசைகிறவன் மெல்ல அடுப்புக்காரன் ஆனான். போன் செய்தால் அவன் குரலுக்குப் பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்கும்.

“இன்னும் கொஞ்ச நாள்தான் கேசியா. நம்ம முன் ரூம்லயே போட்டுடலாம். கோயம்புத்தூர்ல ரொட்டி சுடற ஓவனுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். பேரு இன்னா தெரியுமா? லோயிஸ் பேக்கரி!”

முதலில் இதைக் கேட்டபோது அவள் சந்தோஷத்தில் அழுதாள். போன மாம்பழக் காலத்துக்குப் பிறகும் அழுதாள். அந்த அழுகை வேறு.

அந்த மாம்பழக் காலத்தில்தான் லோயிஸ் குச்சியாகிப் போனாள். வயிறு மட்டும் உப்பிக்கொண்டது. தின்றது எதுவும் தங்கவில்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், ஜெபம் செய்தார்கள். கடைசியில் வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: “கோதுமையில இருக்கிற ஒரு சத்து இந்தப் பொண்ணோட குடலப் புண்ணாக்குதும்மா. சப்பாத்தி, ரவை, மைதா, பிரட், பிஸ்கட் எதுவுமே கூடாது. மாவு பறந்து சாப்பாட்டுல விழுந்தாக்கூடப் போதும். மருந்து கிடையாது. இப்படியே வாழ்நாள் பூரா ஜாக்கிரதையா இருக்கணும்.”

மாவு பறந்து விழுந்தாலே போதும்! அந்த ஒரு வாக்கியம் கேசியாவின் தலையில் இடியாக இறங்கியது. அவள் கண்ணுக்கு முன்னால் முன் அறை வந்தது. அங்கே மூட்டை மூட்டையாக மைதா.

சொல்லியிருக்கலாம்தான். ஒவ்வொரு போனுக்கும் சொல்லத்தான் வாயெடுத்தாள். “லோயிஸுக்கு உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவன் ஓவனின் அகலத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். அந்த ஒரு கனவை நினைத்துத்தானே மனுஷன் அந்த வெயிலில் அடுப்பு முன்னால் நிற்கிறான்? அதைப் போனிலேயே உடைத்தால் தாங்குவானா? ‘வரட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். வயிற்றில் கொஞ்சம் கோளாறு, மருந்து சாப்பிடுகிறாள் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அதற்குள் அவளே ஒரு ரொட்டிக்காரி ஆகியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும்போது தன் பெண் மட்டும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கேழ்வரகு மாவில் வெல்லமும் நெய்யும் வறுத்த வேர்க்கடலையும் சேர்த்து பிஸ்கட் தட்டினாள். அது சீக்கிரம் கைக்கு வந்துவிட்டது. ரொட்டிதான் படுத்தியது. அரிசி மாவுக்கு ஒட்டும் குணம் இல்லை, எழும்பினால் உடனே உதிர்ந்துவிடும். இசப்கோல் உமியை ஊறவைத்துப் பிசைந்தால் பிடிப்பு வரும் என்று வேலூர் நர்ஸ் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். அதை வாங்கப் போய்த்தான் மெடிக்கல் ஷாப் ஏழுமலையிடம் மாட்டிக்கொண்டாள்.

“இன்னாக்கா இது, வாராவாரம் இசப்கோல் டப்பா? வீட்ல யாருக்கு அவ்ளோ மலச்சிக்கல்?”

“ரொட்டிக்குப்பா.”

“ரொட்டிக்கு மலச்சிக்கலா!” என்று அவன் கடையிலிருந்த எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

மாவு மில் நாகபூஷணம் இன்னொரு ரகம். கோதுமை அரைத்த இயந்திரத்தில் தன் அரிசியைப் போட வேண்டாம், காலையில் முதல் ஆளாக வருகிறேன், உள்ளே துடைத்துத் தாருங்கள் என்று அவள் கெஞ்சியபோது, “அய்யோ தேவுடா! என் மெஷினுக்கே ஸ்நானம் பண்ணி வெக்கிறியேம்மா, திருமலைக்குக் கூட்டிக்கினு போறியா?” என்றார். ஆனாலும் துடைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. விடிந்ததிலிருந்து கேசியா ஓர் இடத்தில் உட்காரவில்லை. மடித்த துணியையே பிரித்து மடித்தாள். ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் கேட்டுக்கு ஓடினாள். அவன் இறங்கியதும், இன்றே சொல்லிவிட வேண்டும், சாப்பிட்டதும் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஆட்டோவிலிருந்து இறங்கியவன் நேராக மகளைத் தூக்கினான். “இன்னாமே இது, காத்து மாதிரி இருக்கா! கவலப்படாத கண்ணு, நைனா வந்துட்டேன்ல, பன்னும் வெண்ணெயும் குடுத்தே உருட்டிடறேன்.”

லோயிஸ் அவன் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்தாள். கேசியா தலையைக் குனிந்துகொண்டாள்.

சாப்பாடு முடிந்தது. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க” என்று ஆரம்பித்தாள். வாசலில் லாரி ஹாரன் அடித்தது. ஓவன் வந்துவிட்டது! தெருவே கூடி அந்த இரும்பு ராட்சசனை முன் அறைக்குள் தள்ளியது. மறுநாள் சொல்ல வந்தாள். அவன் பெயர்ப் பலகை எழுதுகிறவனோடு நின்றுகொண்டிருந்தான். அதற்கு மறுநாள் மைதா மூட்டைகள் வந்து இறங்கின. அன்றிலிருந்து கேசியா சமையலறைக் கதவைச் சாத்தியே வைத்தாள். தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். கதவிடுக்கில் ஈரத்துணி திணித்தாள்.

“எலி வருதா?” என்று கேட்டான் இன்பசேகரன்.

“ஆமாங்க” என்றாள்.

புதன்கிழமை காலை பிரதிஷ்டை ஜெபம். மிஷன் காலத்திலிருந்தே அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் புதிதாகத் தொழில் தொடங்கினாலும் போதகர் வந்து ஜெபிப்பார். அதன் முதல் பலனை வீட்டுத் தலைவன் தன் கையால் மூத்த பிள்ளையின் வாயில் ஊட்டுவான். அந்தப் பிள்ளை விழுங்கி ‘ஆமென்’ சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். பால் வியாபாரமானால் பால், கரும்பாலையானால் வெல்லம்.

இங்கே ரொட்டி.

இந்த வழக்கத்தைக் கேசியா மறந்தே போயிருந்தாள். போதகர் ஜெபித்து முடித்து, “குடும்பத் தலைவர் முதல் அப்பத்தைப் பிட்கலாம்” என்றபோதுதான் நினைவுக்கு வந்தது. பொன்னிறத்தில் ஆவி பறக்கும் ரொட்டியை இன்பசேகரன் பிட்டான். இத்தனை வருஷம் ஊரானுக்குப் பிட்ட கை, இன்று முதல் முறையாகப் பெற்ற பெண்ணுக்குப் பிட்கிறது.

‘வேண்டாம்!’

கத்த நினைத்தாள். உதடு பிரியவில்லை. சபையே நிற்கிறது, போதகர் நிற்கிறார், கண்ணீரோடு கணவன் நிற்கிறான். லோயிஸ் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம் காத்திருந்தாள். அம்மா வாய் திறப்பாள் என்றுதான் அந்தப் பிஞ்சு காத்திருந்ததோ! அம்மா திறக்கவில்லை. லோயிஸ் தன் வாயைத் திறந்தாள்.

“ஆமென்” என்றாள். நைனாவைப் பார்த்துச் சிரித்து, இன்னொரு துண்டும் கேட்டு வாங்கித் தின்றாள்.

மதியம் வாந்தி ஆரம்பித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பக்கத்துத் தெரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவள் உதடு வெளுத்திருந்தது. குளுக்கோஸ் ஏறியது. வேலூர் விவரமெல்லாம் தெரிந்த அந்த டாக்டர், “கோதுமை ஏதாவது கொடுத்தீங்களா?” என்று கேட்டார்.

“பிரட் துன்னா சார்” என்றான் இன்பசேகரன். “நான்தான் ஊட்டினேன்.”

“நீங்க அப்பாதானே? கோதுமை இவளுக்கு விஷம் மாதிரின்னு உங்களுக்குத் தெரியாதா?”

இன்பசேகரன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

“உனக்குத் தெரியுமா கேசியா?”

அவள் தலையாட்டினாள்.

“எப்பலேர்ந்து?”

“போன மாம்பழக் காலத்துலேர்ந்து. உங்க ஆசை... எப்படிங்க சொல்லுவேன்...”

“என் ஆசையா?” அவன் குரல் உடைந்தது. “யாருக்காக ஆசப்பட்டேன்? எலின்னியே! துணி அடைச்சிக்கினு எலின்னியே! என் கையாலயே என் கொழந்தைக்கு விஷம் ஊட்ட வெச்சிட்டியே!”

கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது. “அம்மாவத் திட்டாத நைனா. எனக்குத் தெரிஞ்சுதான் துன்னேன். மொதல் மொதல்ல உன் கையால ஊட்டின. எப்படித் துப்பறது?”

அந்த மனிதன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். கேசியாவுக்கு அவன் முதுகைத் தொடவும் தைரியம் இல்லை.

லோயிஸ் தேறி வீட்டுக்கு வந்தபோது முன் அறையில் ஒரு மூட்டைகூட இல்லை. இன்பசேகரன் தரையைத் தேய்த்திருந்தான், சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தான், ஓவனின் தட்டுகளையும் உட்சுவரையும் மூலை முடுக்கையும் வெந்நீரால் சுரண்டிச் சுரண்டிக் கழுவியிருந்தான். கேசியாவோடு பேச்சில்லை. பெயர்ப் பலகை சுவர் பக்கம் திரும்பி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சொன்னான்: “திருப்பதியில அலிபிரி ரோட்ல ஒரு பேக்கரிக்கு ஆள் வேணுமாம். திங்கக்கெழம போய்ச் சேர்ந்துக்கறேன். சனிக்கெழம சாயங்காலம் வந்துடுவேன்.”

“மறுபடியும் போறீங்களா?”

“வேற இன்னா தெரியும் எனக்கு? மாவுதான் தெரியும். அந்த மாவு இந்த வாசப்படி தாண்டக் கூடாது.”

கடல் தாண்டிப் போனவன் இப்போது பஸ்ஸில் போகிறான், அவ்வளவுதான். ஆனாலும் அந்த முதல் வாரம் முழுக்கக் கேசியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் குவைத்தில் இருந்தபோது தூரம் ஒன்றுதான் நடுவில் இருந்தது. இப்போது அவள் வாயிலிருந்து வராமல் போன ஒரு வார்த்தை அல்லவா நடுவில் உட்கார்ந்திருக்கிறது?

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் இறங்கி வந்தவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். சட்டை மடிப்பில், காது மடலில், புருவத்தில் மைதா வெள்ளை. லோயிஸ் ஓடி வந்தாள்.

“நில்லு! கிட்ட வராத!” என்று கத்தினான். பிறகு குரலைத் தாழ்த்தி, “குளிச்சிட்டு வரேன் கண்ணு” என்றான்.

வெளிக் குழாயடியில் அவன் தலைக்குக் குளித்தான். துவைத்த வேட்டியைக் கேசியா நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டான். கழற்றிய துணியைத் தனி வாளியில் அவனே ஊறவைத்தான். அதன் பிறகுதான் மகளை அணைத்துக்கொண்டான். அந்த அணைப்பில், ஒரு வாரம் பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டான்.

கேசியா சமையலறையில் குக்கரை அடுப்பில் ஏற்றப் போனாள்.

“அது எதுக்கு?” என்றான் பின்னாலிருந்து. அத்தனை நாளில் அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. “ஓவன் இன்னாத்துக்கு இருக்கு?”

அவள் பிசைந்து வைத்திருந்த அரிசி மாவை அவன் விரலால் தொட்டு இழுத்துப் பார்த்தான். மூக்கருகே வைத்துப் பார்த்தான். “இது இன்னா, கொழகொழன்னு?”

“இசப்கோல்.”

“இசப்கோலா? அது...”

“ஆமா நைனா, அதேதான்!” என்று லோயிஸ் கைகொட்டினாள். “ஏழுமலை மாமா ஊரெல்லாம் சொல்லிட்டாரு.”

அவன் சிரித்துவிட்டான். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. கேசியாவுக்கு அது பாறை பிளந்த சத்தமாகக் கேட்டது.

மூன்று பேரும் முன் அறையில் ஓவன் முன்னால் உட்கார்ந்தார்கள். கேசியாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள். கதவுப் பிடியை நோக்கிக் கை போயிற்று.

“தொறக்காத” என்றான். “வெந்ததும் வாசனையே சொல்லும்.”

கையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அரிசி வேகும் மணம் மெல்ல எழுந்து, கொஞ்சம் கருகலான இனிப்பாக மாறியதும் அவனே திறந்தான். ரொட்டி பாதிதான் எழும்பியிருந்தது. மேலே கோணலாக ஒரு வெடிப்பு. குவைத்தில் இதைத் தட்டில் வைத்திருந்தால் முதலாளி அவனைத் தெருவில் நிறுத்தியிருப்பான். இன்பசேகரன் அதைத் துணியில் ஏந்தி ஆற விட்டான். பிட்டான்.

லோயிஸ் வாயைத் திறந்தாள். அவன் கை பாதி வழியில் நின்றது. அந்தக் கை இன்னும் பயந்துகொண்டிருந்தது. துண்டை அப்படியே மனைவியின் பக்கம் நீட்டினான்.

“நீ சொல்லு கேசியா. இத அவளுக்குக் குடுக்கலாமா?”

இந்த முறை அவள் வாய் திறந்தது.

“குடுக்கலாங்க” என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

லோயிஸ் மென்றாள். இருவரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்படிக் கீது?” என்றான்.

“கல்லு மாதிரி கீது நைனா” என்றாள் லோயிஸ், இன்னொரு துண்டுக்குக் கை நீட்டிக்கொண்டே. “அடுத்த சனிக்கெழம இன்னும் நல்லா வரும்.”