மதினி வார்டுக்குள் வராத நாள்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் நுழைந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னலில் காவி காய்ந்து ஒட்டிய ஒரு தேங்காய்ச் சிரட்டை இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் இதை ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதிவிடுகிறேன்.

மதினி என் அண்ணன் மனைவி. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து அறைகளில் யார், எத்தனை பேர், எப்படி உட்கார வேண்டும் என்று பார்ப்பது அவர் வேலை. முதலாளியின் மகன் ஒருமுறை செல்போனோடு வந்து நின்றபோது, "தம்பி, அத ஆபீஸ்ல வச்சிட்டு வாங்க. இல்லேன்னா அங்கனயே நின்னு பேசுங்க" என்று திருப்பி அனுப்பியவர். அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, விருதுநகர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முடி கொட்டியதும், "சீவுற வேலை மிச்சம் கொழுந்தனாரே" என்றார். அந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடும். மற்றவர்களுக்குச் சளியோடு போவது இவர்களுக்கு நிமோனியாவாகலாம், தோலில் கொப்புளம் கண்டால் அன்றைக்கே வர வேண்டும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார்.

ஒரு நாள் காலையில் மதினிக்கு இடது விலாவில் நெருப்புப் பட்டதுபோல் எரிச்சல். பிறகு வரிசையாகக் கொப்புளம். அக்கி. எங்கள் பக்கம் அக்கி கண்டால், பானை செய்கிற ஐயாவைக் கூப்பிட்டு அதன் மேல் காவியால் எழுதுவது வழக்கம். அது அம்மன் காரியம், ஊசி போடக்கூடாது என்பார்கள். அண்ணன் ஐயாவைக் கூட்டி வந்துவிட்டார். சிரட்டையில் காவி கரைத்துத் தயாராக இருந்தது. மதினி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"எங்க கெளம்பிட்டே? அம்மன் கோவிச்சுக்கிடுமே" என்றார் அண்ணன். குரலில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது.

"இருக்கன்குடி ஆத்தாகிட்ட நான் பேசிக்கிடுதேன். கம்பெனில வெடிமருந்து சூடாகுதுன்னு தெரிஞ்சா ரூமுக்குள்ள நின்னு பேசிக்கிட்டா இருப்பாக? ஐயா, நீங்க காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க. கொழுந்தனாரே, சின்னதுல உங்களுக்கு அம்மை போட்டிருக்குல்ல? அப்ப இது உங்களுக்கு ஒட்டாது, நீங்கதான் வரணும். வண்டிய எடுங்க."

அண்ணன் பேச்சை அதுவரை மீறியதில்லை நான். அன்று வண்டியை எடுத்தேன்.

நேரே வார்டுக்குப் போவோம் என்று நினைத்தேன். மதினி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. உள்ளே அவரோடு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள் இருப்பார்கள். மதினியிடம் ஒட்டிக்கொண்ட ஒரு சின்னப் பெண்ணும் இருப்பாள். மதினி தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். காய்ச்சலில் உதடு நடுங்கியது.

"வாங்க மதினி. நிக்க முடியலையே உங்களுக்கு" என்றேன்.

"இது ஒட்டுற கொப்புளம். உள்ள இருக்கிறதுக அம்புட்டும் என்னைய மாதிரிதான். நம்ம கம்பெனில ரூமுகள ஏன் தள்ளித் தள்ளிக் கட்டிருக்காக? ஒண்ணு வெடிச்சா அடுத்ததுக்குப் போகக்கூடாதுன்னுதான? போய் நர்சம்மாட்ட சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, உங்க பேச்சு உங்களுக்கே கேக்காது."

முதல் தடவை சொன்னது நர்சம்மாவுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை வார்டே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அவர் ஓடி வந்து, பக்கவாட்டு வழியாக மதினியைத் தனி அறைக்கு அழைத்துப் போனார். அன்றே வைரஸுக்கான மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். தாமதித்திருந்தால் நுரையீரலுக்கோ மூளைக்கோ பரவியிருக்கலாம் என்றார் டாக்டர். வார்டில் வேறு யாருக்கும் கொப்புளம் வரவில்லை. அந்தச் சின்னப் பெண் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று மதினிக்குக் கையாட்டிவிட்டுப் போவாள்.

மதினி தேறி வீட்டுக்கு வந்தபோது சிரட்டை ஜன்னலில் இருந்தது. காவி காயாமல் அண்ணன் தினமும் தண்ணீர் விட்டு வந்திருக்கிறார்.

"எதுக்கு இது?"

"ஒருவேள ஆஸ்பத்திரி மருந்து கேக்கலேன்னா..." என்று இழுத்தார் அண்ணன்.

"கேட்டுருச்சு. கரைச்சத வீணாக்காம வாசப்படிக்குப் பட்டை அடிங்க."

அண்ணன் அடித்தார். கோணலாக வந்தது. மதினி நாற்காலியில் உட்கார்ந்து, ஆள் வைத்து வேலை வாங்குவதுபோல் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இப்போது சிகிச்சை முடிந்து மறுபடி கம்பெனிக்குப் போகிறார். படியில் பட்டை அழிந்து அழிந்து பலமுறை அடித்தாயிற்று. சிரட்டை மட்டும் அதே சிரட்டை. அதைப் பார்த்தால் மரத்தடியில் தனியாக நின்ற மதினிதான் எனக்குத் தெரிகிறார். அவர் எங்கள் வீட்டு ஆள் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை.

முதல் பட்டை அடித்தபோது சிகிச்சை பாதியில்தான் இருந்தது. மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். ரத்தத்தில் வெள்ளணு இன்னும் ஏறவில்லை, மருந்து ஏற்ற அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.